வேணும்னே விழுவாங்களா?

எனக்கு சர்க்கஸ் முதலில் தெரிந்தது வானத்தில்தான். வாலாஜா பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 1986, வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலம். ராத்திரி மொட்டை மாடியில் படுத்தால், பாலாற்றுக்கு அந்தண்டை ஒரு வெளிச்சத் தூண் சுற்றிச் சுற்றி வரும். "ஆற்காட்டுல கூடாரம் போட்டுட்டான்டா" என்பார் அப்பா. அப்புறம் எங்கே தூக்கம்?

போன மே மாதம் கல்யாணம் ஒன்றுக்காக வேலூர் வந்தவன், காட்பாடிப் பக்கம் கூடாரத்தைப் பார்த்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டேன். வேலூர் வெயிலில் நாலு மணி ஆட்டத்துக்குப் போகிறவனுக்குப் புத்தி கம்மி என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே இட்லிப் பானைப் புழுக்கம். கேலரிப் பலகை போய் பிளாஸ்டிக் நாற்காலி வந்திருக்கிறது. அதிலும் பாதி காலி.

சிங்கம், புலி, கரடியை வித்தை காட்டவிடக் கூடாது என்று 1998-இல் அரசு உத்தரவு போட்டது, 2001-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தெரிந்துதான் போனேன். இருந்தாலும் அந்தக் கூண்டு நாற்றத்தை மூக்கு தேடியது. சிங்கம் பாவம், அதற்கு விடுதலை நல்லதுதான். மூக்குக்கு நியாயம் தெரியவில்லை.

நாய்கள், வளையம், சைக்கிள் எல்லாம் சுமார். ஜோக்கர் மட்டும் தன் தொப்பியைத் தானே எட்டி எட்டி உதைத்து, எடுக்க முடியாமல் தவித்ததற்கு வாய்விட்டுச் சிரித்தேன்.

கடைசியில் பார் விளையாட்டு, அந்தரத்தில் ஊஞ்சல் கம்பியிலிருந்து பறப்பது. வலையை இழுத்துக் கட்டினார்கள். மேலே இருந்தவன் கைகளில் வெள்ளை மாவைத் தட்ட, அது விளக்கு வெளிச்சத்தில் புகையாக இறங்கியது. பறந்தான். எதிரே தலைகீழாகத் தொங்கியவனின் விரல் நுனி தட்டி, நழுவி, வலையில் விழுந்தான். அன்றைக்கு ஆற்காட்டில் இதே மாதிரி ஒருவன் விழுந்தபோது நான் அழ, "வேணும்னே விழறான்டா, நம்மள பயமுறுத்த" என்றார் அப்பா. அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம். இப்போது பின் வரிசையில் யாரோ தன் பையனிடம் அதையே சொல்ல, பையன் நம்பவில்லை. இரண்டாம் முறையும் விழுந்தான். மூன்றாவதில் பிடித்துவிட்டார்கள். நாற்காலிக் கையை நான் விடவே இல்லை.

ஆட்டம் முடிந்து வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்களில் அவனும் இருந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கேரளத்துத் தலச்சேரியாம். 1901-இல் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பள்ளி தொடங்கிய மண். கேட்டே விட்டேன்: "தம்பி, வேணும்னேதான விழுந்தீங்க?"

"ஏது சார்? முதல் தடவையா, ரெண்டாவதா?"

"ரெண்டும்தான்."

"முதல்ல விழுந்தது வேணும்னே" என்றவன், சிவந்து உரிந்திருந்த முழங்கையை ஒரு தடவை ஊதிவிட்டு, வலையின் மறுமுனையைத் தூக்கப் போய்விட்டான்.