ஹோஹென்ஷ்டாவ்ஃபென் குன்று: பேரரசர்கள் திரும்பி வராத வீடு

தென்மேற்கு ஜெர்மனியின் கோப்பிங்கன் ரயில் நிலையத்திலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டரே உள்ள ஹோஹென்ஷ்டாவ்ஃபென் குன்றடி ஊருக்கு 36 யூரோ வாங்கிய டாக்சி ஓட்டுநர் மீதான கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துகள் குறைவு என்பதை அறியாமல் ஒன்றைத் தவறவிட்டேன். அடுத்ததற்கு இரண்டு மணி நேரம் காத்திருக்கப் பொறுமையின்றி டாக்சியில் ஏறினேன். நேர்ச்சாலை மூடியிருப்பதாகச் சொல்லி அவர் சுற்றுவழியில் கொண்டு போனார். மாலையில் நான் திரும்பிய பேருந்து அந்த நேர்ச்சாலையிலேயே தடையின்றி ஓடியது. கையிலிருந்த டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்கு (நாடு முழுதும் உள்ளூர் ரயில், பேருந்துகளில் செல்லும் மாதச் சீட்டு) அந்தப் பேருந்தில் தனிக் கட்டணமே கிடையாது என்பதை நினைக்கும்போது வயிறு எரிகிறது. இரண்டு நாள் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய பணம் அரை மணி நேரத்தில் கரைந்துவிட்டது.

ஆயினும் மரங்களுக்கிடையே ஏறி, 684 மீட்டர் உயரமுள்ள ஹோஹென்ஷ்டாவ்ஃபென் உச்சியில் நின்றபோது, வந்தது சரியே என்று பட்டது. கோட்டையைக் காணும் ஆசையோடு வருபவர்கள் ஏமாறுவார்கள். புல்வெளிக்கு நடுவே தாழ்ந்த கற்சுவர்களின் அடித்தளம் மட்டுமே இருக்கிறது. சுமார் 1070-இல் இங்கே கோட்டை எழுப்பி, இந்தக் குன்றின் பெயரையே தன் மரபுக்குத் தந்த ஃபிரெடரிக், 1079-இல் இந்தப் பகுதியான ஸ்வாபியாவின் கோமகன் ஆனார். அரசர் நான்காம் ஹென்றியின் மகள் ஆக்னஸை மணந்தார். அடுத்த அறுபது ஆண்டுகளுக்குள், 1138-இல், அவர்களுடைய மகன் மூன்றாம் கான்ராட் ஜெர்மானிய அரசரானார். கோட்டையை 1525-இல் உழவர் கிளர்ச்சிப் படை எரித்தது. எஞ்சிய கற்களைப் பின்னர் கோப்பிங்கன் அரண்மனை கட்ட எடுத்துப் போனார்கள்.

அந்த அடித்தளத்தின் அருகில் நான் நெடுநேரம் அமர்ந்திருந்தது இரேனே என்ற பெண்ணுக்காக. பைசாந்தியப் பேரரசரின் மகளான அவர், சிசிலி இளவரசர் ஒருவரை மணந்து விதவையாகி, 1194-இல் சிசிலியின் தலைநகர் பலெர்மோவில் இந்த மரபின் பேரரசர் ஆறாம் ஹென்றியின் படையிடம் சிக்கி, பின்பு ஹென்றியின் தம்பி பிலிப்பின் மனைவியானவர். 1208 ஜூனில் அரசர் பிலிப் பாம்பெர்க்கில் கொலையுண்டார். கருவுற்றிருந்த இரேனே இந்தக் குன்றில் அடைக்கலம் புகுந்து, ஆகஸ்ட் மாதத்தில், பிரசவத்தைத் தொடர்ந்து இங்கேயே இறந்தார். கான்ஸ்டான்டிநோபிளில் தொடங்கிய வாழ்வு இந்தக் காற்று வீசும் மேட்டில் முடிந்திருக்கிறது என்பதை எண்ணியபோது கண் கலங்கியது.

அடிவாரத்து உணவகத்தில் பருப்பும் ஷ்பெட்சிலேயும் சாப்பிட்டேன். சிறு பழுப்புப் பருப்பை வேகவைத்து, லேசாக வினிகர் புளிப்புச் சேர்த்து, கையால் செய்த முட்டை மாவு நூடுல்ஸின் மேல் ஊற்றித் தருகிறார்கள். உடன் வரும் இறைச்சித் தொத்திறைச்சி வேண்டாம் என்று சொல்லலாம். பருப்பும் புளிப்பும் சேர்ந்த அந்தச் சுவை நம் நாக்குக்கு உடனே பழகிவிடுகிறது. ஜெர்மனியில் நான் சாப்பிட்டவற்றில் இதுவே சிறந்தது. விலையும் அந்த டாக்சிக் கட்டணத்தில் பாதிகூட இல்லை.

மறுநாள் ரெம்ஸ் பள்ளத்தாக்கு ரயிலில் லோர்ஷ் (Lorch) மடாலயத்துக்குப் போனேன். கோமகன் ஃபிரெடரிக்கும் ஆக்னஸும் சுமார் 1102-இல் தம் குடும்பக் கல்லறையாக நிறுவிய இடம் இது. இரேனேயும் இங்கேதான் புதைக்கப்பட்டார். அவருடைய கல்லறை இன்று எஞ்சவில்லை. ஆனால் இந்த மரபில் தனித்து ஆட்சி செய்த அரசர் ஒருவர்கூட இங்கே இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது. மூன்றாம் கான்ராட் பாம்பெர்க்கில், பிலிப் ஷ்பையரில். சிலுவைப்போருக்குச் சென்று 1190-இல் இன்றைய துருக்கியின் ஆற்றில் மூழ்கிய பேரரசர் பார்பரோசாவின் (ஆறாம் ஹென்றியின் தந்தை) எலும்புகள் எங்கோ கிழக்கில். ஆறாம் ஹென்றியும் அவர் மகன் இரண்டாம் ஃபிரெடரிக்கும் பலெர்மோவில்.

கல்லறைகள் தெற்கு நோக்கி நகர்ந்த இந்த வரிசையே அவர்களுடைய வீழ்ச்சியின் வரைபடம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹென்றி தன் மனைவி கான்ஸ்டன்ஸின் உரிமையைக் கொண்டு 1194-இல் சிசிலியைப் பெற்றதும், நடு இத்தாலியிலிருந்த போப்பாண்டவரின் நிலம் வடக்கிலும் தெற்கிலும் ஒரே குடும்பத்தின் ஆட்சிக்கு நடுவில் சிக்கியது. அந்த அச்சம் பின்னர் வந்த போப்புகளை விடவே இல்லை. இத்தாலியிலேயே பெரும்பாலும் வாழ்ந்த இரண்டாம் ஃபிரெடரிக், ஜெர்மனியின் ஆதரவைத் தக்கவைக்க 1220-இலும் 1232-இலும் அங்கிருந்த பிரபுக்களுக்கு அரச உரிமைகளை விட்டுக்கொடுத்தார். அவருடைய அறிவையும் துணிவையும் வியக்கிறேன். ஆனால் சொந்த மண்ணை அவர் விலையாகக் கொடுத்தார் என்பதே என் கருத்து. 1245-இல் லியோன் சபையில் போப் நான்காம் இன்னசென்ட் அவரைப் பதவி நீக்கியதாக அறிவித்தார். 1250-இல் அவர் இறந்தபின் இருபது ஆண்டுகள்கூட அந்த மரபு நிலைக்கவில்லை. 1266-இல் மகன் மான்ஃபிரெட் பெனவெந்தோ போரில் மடிந்தார். பேரன் கான்ராடின் பாட்டன் நாட்டை மீட்கப் புறப்பட்டு, தாலியாகோட்சோவில் தோற்று, 1268 அக்டோபர் 29 அன்று நேப்பிள்ஸ் சந்தைத் திடலில் தலை வெட்டப்பட்டபோது அவருக்கு வயது பதினாறு.

போகிறவர்கள் முதலில் லோர்ஷைப் பார்த்துவிட்டு, வார நாளொன்றில் பேருந்தில் குன்றுக்குச் செல்லுங்கள். உச்சியில் குறைந்தது ஒரு மணி நேரமாவது அமர்ந்திருங்கள்; அங்கே உட்கார்வதற்குக் கட்டணமில்லை.