பல்பை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

இரவில் பைக் ஓட்டுகிறவர்கள் ஒரு கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். எதிரே ஏதோ கிடக்கிறது என்று கண்டு, அது என்னவென்று புரிந்து, விரல் பிரேக்கைப் பிடிப்பதற்கே ஒன்றரை நொடி ஆகிவிடும். அதற்குள் 25 மீட்டர் போயாயிற்று. காய்ந்த சாலையில் நன்றாக அழுத்திப் பிடித்தாலும் வண்டி நிற்க இன்னும் 23 மீட்டராவது வேண்டும். ஆக, கிட்டத்தட்ட 50 மீட்டர். டிம்மில் போகும்போது அந்தத் தூரத்தில் கறுப்புச் சட்டை போட்டு நடந்து போகிறவரை உங்கள் முகப்பு விளக்கு காட்டுகிறதா?

என் வண்டி காட்டவில்லை. இரவுப் பணி முடிந்து நான் திரும்பும் பாதையில் தெருவிளக்கே இல்லாத நீண்ட பகுதி ஒன்று உண்டு. அங்கே வேகத்தை 40-க்குக் குறைத்துக்கொண்டு, இருட்டுக்குள் கண்ணை இடுக்கிக்கொண்டு போவதே வழக்கமாக இருந்தது. யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: “எல்.இ.டி. பல்பு போடுங்கள்.” நான் முதலில் எடுத்தது மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை.

என் வண்டியில் இருப்பது ஹெச்-4 வகை ஹாலஜன் பல்பு. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். இந்த வகைக்கு வகுத்திருக்கும் வெளிச்ச அளவு பிரைட்டில் 1650 லூமன் (லூமன் என்பது வெளிச்சத்தின் அலகு), டிம்மில் 1000 லூமன். அதில் பலரும் கவனிக்காத ஒரு நிபந்தனை இருக்கிறது. பல்பின் காலில் 13.2 வோல்ட் வந்து சேர்ந்தால்தான் அந்த வெளிச்சம். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தோடு ஒரே விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாகச் சரிகிறது. மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் முப்பது சதவீதம் போய்விடும்.

எஞ்சினை ஓடவிட்டு, பிரைட்டைப் போட்டு, பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தேன். 14.1 வோல்ட். அடுத்து, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே ஹோல்டரின் பின்பக்கமாக ஊசியை நுழைத்து அளந்தேன். 12.0. இரண்டு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்திருக்கிறது! 1650 லூமன் தர வேண்டிய பல்பு ஏறத்தாழ 1200 லூமனோடு நின்றுகொண்டிருந்தது. பல்பின்மேல் ஒரு குறையும் இல்லை.

மின்சாரம் வரும் வழியைத் தொடர்ந்து பார்த்தால் காரணம் விளங்கும். பேட்டரியிலிருந்து புறப்பட்டுச் சாவி சுவிட்சுக்கு வர வேண்டும். அங்கிருந்து ஹேண்டிலில் இருக்கும் லைட் சுவிட்ச், பிறகு டிம்-பிரைட் சுவிட்ச், நடுவே வயர்களை இணைக்கும் சில கப்ளர்கள், கடைசியில் பல்பு. எல்லாமே மெல்லிய வயர்கள். ஐந்து ஆம்பியர் ஓடும் பாதையில் எல்லா இணைப்புகளும் சேர்ந்து வெறும் 0.4 ஓம் தடை தந்தாலே இரண்டு வோல்ட் காணாமல் போகும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி எர்த் வயர் சேசிஸில் சேரும் இடத்தைப் பார்த்தேன். செம்பு வளையத்தைச் சுற்றிப் பச்சைப் பொடி பூத்திருந்தது. போல்ட்டைக் கழற்றியபோது வளையத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் பெயிண்டும் துருவும் ஒரு தகடு போலப் படிந்திருந்தன. பல்பு ஹோல்டரில் டிம் வயர் நுழையும் மூலை மட்டும் பழுப்பேறி, நகம் பட்டாலே உதிரும் நிலையில் இருந்தது. வெளிச்சமாக வர வேண்டியது அங்கே உட்கார்ந்து சூடாக மாறிக்கொண்டிருந்திருக்கிறது.

இதற்கு மருந்து ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். ஹேண்டில் சுவிட்ச் வழியாக முழு மின்சாரமும் ஓடத் தேவையில்லை. சுவிட்ச் ரிலேக்குச் சைகை கொடுத்தால் போதும், பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேராகப் போய்ச் சேரும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள் வைத்தேன். ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும். 30 என்ற காலுக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர். 87 என்ற காலிலிருந்து பல்புக்கு. 85, 86 இரண்டில் ஒன்று எர்த்துக்கு, மற்றது பழைய ஹெட்லைட் வயருக்கு. அந்தப் பழைய வயரை வெட்டவே இல்லை. பல்பின் கால்களைப் போன்ற ஓர் ஆண் முனையை வாங்கி, அந்த வயரின் பழைய ஹோல்டரில் செருகிக்கொண்டேன். ஏதாவது பழுதானால் சாலையோரத்திலேயே பழையபடி மாட்டிவிடலாம். மின்சார வயருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் எடுத்தேன், எர்த்துக்கும் அதே தடிமன். புதிய ஹோல்டர் பீங்கான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வயர் எங்காவது உரசித் தோல் கிழிந்து சட்டத்தைத் தொட்டால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையே உள்ள நீளத்தைக் காப்பாற்ற யாருமில்லை. அது பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஓடுகிற வயர்.

எல்லாம் பூட்டியபின் அதே இடத்தில் அளந்தேன். 13.7 வோல்ட். அதே பல்பு, அதே கண்ணாடி. கணக்கின்படி முன்பிருந்ததைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான வெளிச்சம். பழுப்பாக வழிந்துகொண்டிருந்த ஒளி வெள்ளைக்கு நெருங்கியிருந்தது. இதற்கு ஒரு விலையும் உண்டு. மின்னழுத்தம் ஏற ஏற ஹாலஜன் பல்பின் ஆயுள் குறையும். இருக்கைக்கு அடியில் ஒரு பல்பைத் துணி சுற்றி வைத்திருக்கிறேன். மாற்றும்போது அதன் கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள், விரலின் எண்ணெய் பட்ட இடம் சூடேறி வெடிக்கும்.

இந்த வேலை எல்லா வண்டிக்கும் பொருந்தாது. பல சிறிய வண்டிகளில் ஹெச்எஸ்-1 என்ற 35 வாட் பல்பு இருக்கும். அவற்றில் சிலவற்றுக்கு விளக்கின் மின்சாரம் பேட்டரியிலிருந்து வராமல் எஞ்சினில் சுழலும் காந்தத்தை ஒட்டிய கம்பிச் சுருளிலிருந்து நேராக வரும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் விளக்கு பிரகாசமாகி, விட்டால் மங்குகிறது என்றால் உங்கள் வண்டி அந்த ரகம். முதலில் அதைப் பேட்டரி தருவது போன்ற நேர்மின்சாரத்துக்கு (டி.சி.) மாற்ற வேண்டும், அதற்கு நல்ல எலெக்ட்ரீஷியன் தேவை. 100/90 வாட் பல்பு போடும் யோசனையை எந்த வண்டிக்கும் நான் ஏற்கமாட்டேன். கப்ளரும் சுவிட்சும் அந்தச் சூட்டைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

எல்.இ.டி. விஷயத்துக்கு வருகிறேன். ஹெச்-4 பல்பை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். டிம்முக்கான இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறதே, அதுதான் ஒளி ரிஃப்ளெக்டரின் (பல்புக்குப் பின்னால் உள்ள வளைந்த கண்ணாடிப் பரப்பின்) கீழ்ப்பாதியில் விழாமல் தடுக்கிறது. அதனால்தான் எதிரே வருகிறவரின் கண் உயரத்துக்கு ஏறாமல், ஒளி ஒரு கோட்டோடு வெட்டினாற்போல நிற்கிறது. ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த இழை இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. அதே ஓட்டையில் செருகும் எல்.இ.டி. பல்பின் ஒளி தரும் சில்லு வேறு தடிமனில், வேறு இடத்தில் அமர்ந்தால் அந்தக் கணக்கு குலைந்துவிடுகிறது. வண்டிக்கு ஐந்து மீட்டர் முன்னால் சாலை பளீரென்று இருக்கும், ஓட்டுகிறவருக்கு மனம் நிறைந்துவிடும். அந்தப் பளீர் கண்ணின் பாவையைச் சுருக்கி, தூரத்து இருட்டை இன்னும் இருட்டாக்குகிறது. எதிரே வருகிறவரோ ஒன்றும் தெரியாமல் தடுமாறுகிறார். இரண்டு சக்கரத்தில் வரும் ஒருவரைச் சில நொடிகள் குருடாக்கிவிட்டு எனக்குக் கிடைக்கும் வெளிச்சம் எனக்கு வேண்டாம். எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்த முழு விளக்கு, அதற்கான லென்ஸும் அங்கீகார முத்திரையும் கொண்டது கிடைத்தால் தாராளமாக மாற்றலாம். அது வேறு பொருள், இது வேறு பொருள்.

காசே செலவில்லாத வேலை ஒன்று மிச்சமிருந்தது. சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினேன். டயர்களில் சரியான காற்று, ஸ்டாண்டு எடுத்த நிலை, இருக்கையில் நான். விளக்கின் மையம் தரையிலிருந்து 80 சென்டிமீட்டர். டிம் போட்டபோது ஒளியின் மேல்விளிம்பு சுவரில் 60 சென்டிமீட்டர் உயரத்தில் விழுவதை நண்பர் சாக்பீஸால் குறித்தார். பத்து மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இறக்கம் என்றால் ஒளி 40 மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடும். எனக்கு வேண்டியதோ 50. விளக்கின் திருகைத் திருப்பிச் சுவரில் விளிம்பை 68 சென்டிமீட்டருக்கு ஏற்றினேன். இப்போது விளிம்பு 65 மீட்டர் தாண்டிப் போகிறது. சுவரில் 70 சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றவில்லை. பின்னால் ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கி முகப்பு நிமிரும் என்பதால் அந்த இடைவெளி வேண்டும். வழக்கமாக இருவராகப் போகிறவர்கள் பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை இறுக்கி, இருவரும் அமர்ந்தபடியே பார்த்து வைப்பது நல்லது.

ஹெல்மெட் கண்ணாடியையும் மாற்றினேன். பகலில் கண்ணுக்கே தெரியாத கீறல்கள், எதிர்விளக்கு பட்டதும் ஒவ்வொன்றும் ஒளிக்கோடாக விரியும். இரவில் கருநிறக் கண்ணாடி கூடவே கூடாது.

இன்னும் தீராதது வளைவுதான். வண்டி சாயும்போது விளக்கும் சேர்ந்து சாய்கிறது. அந்த வெட்டுக்கோடு வளைவின் உள்பக்கமாகத் தாழ்ந்துவிட, நான் போகப்போகிற இடமே இருட்டாகிறது. பல்பையோ வயரையோ மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. சாய்வுக்கு ஏற்ப ஒளியைத் திருப்பும் விளக்குகள் சில பெரிய வண்டிகளில் வருகின்றன. என்னுடையதில் இப்போதைக்கு வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கிறேன். கீழே இருபுறமும் அகலமாகப் பரவும் சிறிய விளக்குகளைத் தனி சுவிட்சில் வைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில் அதற்கு எத்தனை வாட் மிச்சமிருக்கிறது என்று அளந்த பிறகுதான் வாங்குவேன்.