ஹைலக்ஸை எவ்வளவு உயர்த்துவது?

வண்டியின் உடலைத் தரையிலிருந்து உயர்த்தும் சஸ்பென்ஷன் பாகங்களின் தொகுப்பான லிஃப்ட் கிட்டை நான்கு அங்குல அளவில் போடுமாறு நண்பர்கள் வற்புறுத்தினாலும், காட்டுப் பாதைகளில் ஓடும் எங்கள் டொயோட்டா ஹைலக்ஸுக்கு இரண்டு அங்குலமே போதும் என்று முடிவு செய்தேன். முன்சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் இவ்வகை பிக்கப்பில், உயரம் கூடக்கூட, சக்கரங்களுக்கு எஞ்சின் விசையைக் கடத்தும் சி.வி. மூட்டுகள் அதிகக் கோணத்தில் வளைந்து, அவற்றின் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிய, உள்ளிருக்கும் கிரீஸ் ரிம்மின் உட்புறமெங்கும் தெறித்துக் கிடக்கும்.

எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கையில், உயரத்தைவிட வண்டி எப்போதும் சுமக்கும் எடையையே முதலில் கணக்கிட வேண்டும். 300 கிலோ நிரந்தரச் சுமைக்கான பட்டைகளை வெறும் வண்டியில் மாட்டினால் என்ன ஆகும் என்பதை நம் இடுப்பே சொல்லிவிடும். ஸ்பிரிங்கை மாற்றாமல் இடையில் துண்டு வைத்து உயர்த்தும் ஸ்பேசர் மலிவுதான், எனக்கு அதில் நாட்டமில்லை.

எந்த லிஃப்ட் போட்டாலும் பின் அச்சின் நடுவே தொங்கும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் தரையிலிருந்து எழும்பாது. அதற்குப் பெரிய டயர்தான் வழி. அதிலும் விட்டம் 50 மி.மீ. கூடினால் கிடைக்கும் உயரம் 25 மி.மீ. மட்டுமே. கிட் பொருத்தியபின் வீல் அலைன்மென்ட்டில் காஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) சரியாக அமையாவிட்டால், முன்சக்கரத்தை மேற்புறம் தாங்கும் கன்ட்ரோல் ஆர்மையும் மாற்ற நேரிடும் என்பதால், அதன் விலையையும் முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.