கேட்டது சிங்கம், கண்டது ஆட்டுக்குட்டி

வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றிய பிரசங்கங்களில் நான் சிறுவயது முதல் அதிகம் கேட்டவை மிருகத்தின் முத்திரையும் 666 என்ற இலக்கமும்தான். பார்கோடு, கிரெடிட் கார்டு, உடலில் பதிக்கும் சிப் என்று அந்தந்தக் காலத்துப் புதுமைகள் ஒவ்வொன்றும் அந்த இலக்கத்தோடு முடிச்சுப் போடப்பட்டன. ஆனால் நூலைத் தொடக்கத்திலிருந்து தொடர்ச்சியாக வாசிக்கிறவருக்கு, ஐந்தாம் அதிகாரத்தில் வந்து கடைசி அதிகாரம்வரை உடன்வருகிற, கிறிஸ்துவைக் குறிக்கும் ஆட்டுக்குட்டியே அதன் நடுநாயகம் என்பது விளங்கும். மற்ற அடையாளங்களை எல்லாம் அந்த ஆட்டுக்குட்டியை வைத்தே வாசிக்கவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஐந்தாம் அதிகாரத்தை நிதானமாகப் பாருங்கள். சிங்காசனத்தில் வீற்றிருப்பவரின் வலதுகரத்தில், உள்ளும் புறமும் எழுதப்பட்டு ஏழு முத்திரைகளால் மூடப்பட்ட புத்தகம் இருக்கிறது. அதைத் திறக்கப் பாத்திரவான் வானத்திலும் பூமியிலும் ஒருவனும் இல்லை என்று அறிந்து, இந்தத் தரிசனங்களைக் கண்டு எழுதிய யோவான் மிகவும் அழுகிறார். அப்போது மூப்பர் ஒருவர், அழவேண்டாம், யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயங்கொண்டிருக்கிறார் என்கிறார். சிங்கம் ஆதியாகமம் 49இல் யாக்கோபு யூதாவுக்குக் கூறிய ஆசீர்வாதத்திலிருந்து வருவது. அதனுடன் சேர்த்துச் சொல்லப்படும் ‘தாவீதின் வேர்’ ஏசாயா 11ஐ நினைவூட்டுவது. இரண்டையும் கேட்டவர்கள் பகைவரை நொறுக்கும் அரசனைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். யோவான் திரும்பிப் பார்த்தபோதோ, அடிக்கப்பட்ட வண்ணமாய் ஓர் ஆட்டுக்குட்டி நிற்கிறது. அறுக்கப்பட்ட தழும்போடு உயிருடன் நிற்கும் அதற்கு ஏழு கொம்புகளும் ஏழு கண்களும் உண்டு. இதை அப்படியே ஓவியமாக வரைந்தால் பார்க்கச் சகிக்காது. வரைவதற்காக எழுதப்பட்டதும் அல்ல. கொம்பு வல்லமைக்கு அடையாளம் என்பது பழைய ஏற்பாட்டு வழக்கு. கண்கள் பூமியெங்கும் அனுப்பப்பட்ட தேவ ஆவிகள் என்று, சகரியா 4ஐ அடியொற்றி, யோவானே விளக்கிவிடுகிறார். அதன்பின் இந்நூலில் கிறிஸ்து ஒருமுறைகூடச் சிங்கம் என்று அழைக்கப்படவில்லை. ஆட்டுக்குட்டி என்றோ 28 முறை அழைக்கப்படுகிறார். காதால் கேட்ட வாக்குத்தத்தம் பொய்க்கவில்லை. அது எந்த வழியில் நிறைவேறியது என்பதைக் கண் காட்டிக்கொடுத்தது.

ஏழாம் அதிகாரமும் இப்படித்தான். பன்னிரண்டு கோத்திரங்களிலிருந்து முத்திரை போடப்பட்ட 1,44,000 பேர் என்ற தொகையை யோவான் காதால் கேட்கிறார். கண்டதோ சகல ஜாதிகளிலிருந்தும் வந்த, ஒருவராலும் எண்ணக்கூடாத திரள்.

அடையாளங்களுக்கான திறவுகோலை வேதமே பல இடங்களில் நம் கையில் தந்திருக்கிறது. ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள் என்று முதல் அதிகாரமே சொல்கிறது. ஆட்டுக்கடா மேதிய பெர்சிய ராஜாக்கள், வெள்ளாட்டுக்கடா கிரேக்க ராஜா என்று தானியேல் 8இல் காபிரியேல் தூதன் சொல்கிறான். அதே அதிகாரத்தின் 2,300 நாட்களை ஆண்டுகளாகக் கணக்கிட்டதால்தான், அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரைப் பின்பற்றிய பல்லாயிரம் பேர் 1844 அக்டோபர் 22 அன்று கர்த்தருடைய வருகைக்காகக் காத்திருந்து மனமுடைந்தார்கள். அவர்களுடைய வாஞ்சையை நான் மதிக்கிறேன். நாள் குறிக்கும் அந்த முறையை என்னால் ஏற்க முடியவில்லை.

பதின்மூன்றாம் அதிகாரத்து மிருகத்தையும் தானியேல் 7ஐ அருகில் வைத்தே வாசிக்கவேண்டும். சிங்கம், கரடி, நான்கு தலையுள்ள சிவிங்கி, பத்துக் கொம்புள்ள நான்காம் மிருகம் என்று தானியேல் தனித்தனியே கண்டவற்றின் தலைகளைக் கூட்டினால் ஏழு, கொம்புகள் பத்து. யோவான் கண்ட ஒற்றை மிருகத்துக்கு இருப்பவையும் அவையே. பேரரசுகளின் கொடுமை முழுவதும் ஓர் உருவில் திரண்டுவிட்டது என்பது அன்றைய வாசகருக்கு உடனே பிடிபட்டிருக்கும். அந்த ஏழு சபைகளில் ஒன்று இருந்த பெர்கமு நகரில் கி.மு. 29லேயே ரோமப் பேரரசர் அகஸ்டஸின் வழிபாடு வேரூன்றிவிட்டது. அங்கே அந்திப்பா என்ற விசுவாசி கொல்லப்பட்டதை இரண்டாம் அதிகாரம் குறிப்பிடுகிறது. ரோமப் பேரரசர் நீரோவைக் குறிக்கும் ‘நீரோன் கைசர்’ என்பதை எபிரெய எழுத்துகளில் எழுதி அவற்றின் எண்மதிப்பைக் கூட்டினால் 666 வரும். லத்தீன் வழக்கைப் பின்பற்றிக் கடைசி ‘ன்’னை விட்டால் 616. சில பழைய பிரதிகளில் 616 என்றே இருப்பதால், அந்த இலக்கம் முதலில் நீரோவைச் சுட்டியது என்ற கருத்தே எனக்கு வலுவானதாகப் படுகிறது. ஆயினும் அது நீரோவோடு முடிந்துவிடுவதில்லை. அறுக்கப்பட்டும் உயிருடன் நிற்கும் ஆட்டுக்குட்டியைப்போலவே, மிருகத்தின் ஒரு தலையும் சாவுக்கேதுவாகக் காயப்பட்டுப் பிழைக்கிறது. அதே அதிகாரத்தில் அடுத்து வரும் இரண்டாம் மிருகத்துக்குச் சாதாரண ஆட்டுக்குட்டி ஒன்றுக்கு ஒப்பாக இரண்டு கொம்புகள், பேச்சோ சாத்தானைக் குறிக்கும் வலுசர்ப்பத்தின் பேச்சு. தோற்றத்தில் ஆட்டுக்குட்டியைப் போலிருக்கும் போலியைப் பேச்சைக் கொண்டு அடையாளம் காணும்படி எழுதப்பட்ட அதிகாரமாகவே இதை நான் வாசிக்கிறேன்.

என் வாசிப்புக்குச் சவாலான இடங்கள் உண்டு. ஆறாம் அதிகாரத்தில் ராஜாக்களும் அடிமைகளும் ‘ஆட்டுக்குட்டியானவருடைய கோபத்துக்கு’ அஞ்சி மலைகளிடம் மறைவிடம் கேட்கிறார்கள். அந்தக் கோபத்தை மென்மையாக்கிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. பத்தொன்பதாம் அதிகாரத்தில் வெள்ளைக் குதிரைமேல் வருகிற கிறிஸ்துவின் வஸ்திரம் இரத்தத்தில் தோய்க்கப்பட்டிருக்கிறது. ஏசாயா 63இன்படி அது பகைவரின் இரத்தம் என்று பலர் கொள்கிறார்கள். ஆனால் யுத்தம் தொடங்குமுன்பே வஸ்திரம் தோய்ந்திருக்கிறது. அவருடைய பட்டயம் கையில் இல்லை, வாயிலிருந்து புறப்படுகிறது. பரிசுத்தவான்கள் தங்கள் அங்கிகளை வெளுத்தது ஆட்டுக்குட்டியின் இரத்தத்திலே என்று ஏழாம் அதிகாரம் முன்பே சொல்லியிருக்கிறது. ஆகவே அது அவருடைய சொந்த இரத்தம் என்றே நான் கொள்கிறேன்.