சீ 90 மோட்டார் சைக்கிளின் சிலிண்டருக்குப் போர் வெட்ட முன்னம்

வன்னியில் இன்னும் ஓடுகிற ஹொண்டா சீ 90களில் பல, யுத்தத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெய் குடித்தவை. அப்போது கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவிவிடும். மிச்சத்தைக் கிறவல் ரோட்டுப் புழுதி பார்த்துக்கொண்டது. அப்படித் தேய்ந்த எஞ்சினுக்குப் பிஸ்ரன் றிங் மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு. சிலிண்டரின் உள்துளையைப் பெரிதாக வெட்டி, அதற்கேற்ற பெரிய பிஸ்ரன் போடவேண்டும். இதைத்தான் போர் வெட்டுவது என்கிறோம்.

முதலில் எந்த எஞ்சின் என்று பார்க்கவேண்டும். பழைய சீ 90க்குப் போர் (உள்துளை விட்டம்) 50 மி.மீ., ஸ்ரோக் (பிஸ்ரன் ஓடும் தூரம்) 45.6. பிந்தியதற்கு 47, ஸ்ரோக் 49.5. சீ 70க்கும் 47தான், ஆனால் ஸ்ரோக் 41.4. ஆகவே பெட்டியில் 47 என்று இருந்தால் போதாது. கழற்றிய பிஸ்ரனைக் கடைக்குக் கொண்டுபோய், பிஸ்ரன் பின் (குறுக்கு ஊசி) போகும் துளையிலிருந்து தலை வரை உள்ள உயரத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஓவர் சைஸ், அதாவது பெரிய அளவுப் பிஸ்ரன், 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. கூட என்று வரும். சிலிண்டரின் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் இரண்டு திசையில் அளக்கவேண்டும். தேய்மானம் ஒரு பக்கமாகத்தான் கூட இருக்கும். அந்தப் பக்கம் 0.15 தேய்ந்திருந்தால், நடு மையம் மாறாமல் வெட்ட விட்டத்தில் 0.30 போகும். 0.25 பிஸ்ரன் அதற்குக் காணாது, 0.50 எடுக்கவேண்டும். நேரே 1.00க்குப் போகச் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். 47 எஞ்சினை 48 மி.மீ. போருக்கு வெட்டினால் 85.9 சீசீ 89.6 ஆகும், அவ்வளவுதான். அடுத்த முறை வெட்ட அளவு மிஞ்சாது.

இனி முக்கியமான விசயம். பிஸ்ரனை வாங்கிக் கையில் கொடுத்த பிறகே லேத்தில் வெட்டவிடுங்கள். ஒறிஜினல் அல்லாத பிஸ்ரன்கள் பெட்டியில் எழுதிய அளவுக்குச் சரியாக இருப்பதில்லை. பாவாடையின் (பிஸ்ரனின் கீழ்ப்பகுதி) அடியிலிருந்து ஏறத்தாழ 10 மி.மீ. மேலே, பிஸ்ரன் பின்னுக்குக் குறுக்காக மைக்ரோமீற்றர் வைத்து அளந்து, அதைவிட 0.02 முதல் 0.04 வரை கூட வெட்டி ஹோன் பண்ணவேண்டும் (உட்சுவரைக் கல்லால் தேய்த்துச் சரிசெய்வது). இறுக்கமாக விட்டால் வெயிலில் பரந்தன் தாண்ட முன்னமே பிஸ்ரன் இறுகிப் பிடித்துவிடும். தளர்வாக விட்டால் காலையில் கட கட என்று அடிக்கும்.

றிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் போட்டுப் பிஸ்ரனால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை அளக்கவும். 0.15–0.35 நல்லது. குறைந்தால் அரத்தால் மெதுவாக ராவலாம், கூடினால் கடைக்குத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். எழுத்துள்ள பக்கம் மேலே. மூன்று வாயும் 120 பாகைக்கு ஒன்றாக. பிஸ்ரனில் உள்ள ‘ஐஎன்’ குறி காபரேற்றர் பக்கம். பிஸ்ரன் பின்னின் கிளிப்பைப் போடும்போது கீழே துணி அடையுங்கள். கேசுக்குள் விழுந்தால் எஞ்சினைப் பிரிக்கவேண்டி வரும். பழைய கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள்.

ரைமிங் செயின் றப்பர் உருளை கல்லாகியிருந்தால் இப்போதே மாற்றுங்கள். சிலிண்டர் தலையில் செப்பு வாசர் இருந்த நட்டுக்கே அது திரும்பப் போகவேண்டும். ரைமிங்குக்குப் பிளைவீலில் ‘ரி’ குறி, மேல் பல்லுச் சக்கரத்தில் ‘ஓ’ குறி, இரண்டும் நேராக நிற்கவேண்டும். வால்வ் இரண்டுக்கும் இடைவெளி, எஞ்சின் குளிர்ந்தபடி, 0.05 மி.மீ.

முதல் 500 கி.மீ. பின்னால் ஆள் ஏற்றவேண்டாம், நெல் மூட்டையும் வேண்டாம். அதன் பிறகு பழைய ஒயிலை வடித்துவிட்டுப் புதிது விடுங்கள். எயர் பில்ரர் பெட்டியைக் கழற்றி எறிந்த மோட்டார் சைக்கிள் என்றால், வெட்டுவதற்கு முன் அதைத் தேடிப் பூட்டுங்கள்.