செல்வாக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அதிகாரக் கோட்பாடுகளைப் படித்துக்கொண்டிருந்தபோது என்னை முதலில் தடுமாற வைத்தது தமிழ்ச் சொல்தான். 'அதிகாரம்' என்றவுடன் தாசில்தார் நாற்காலியும் பச்சை மையும் கண்முன் வந்துவிடுகின்றன. ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரோ, எதிர்ப்பு இருந்தாலும் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பையும், நியாயமானது என்று மற்றவர்கள் ஏற்றுக்கொண்ட ஆளுகையையும் தனித்தனியே வைத்துப் பேசுகிறார். முதலாவதற்கு நம்மிடம் 'செல்வாக்கு' இருக்கிறது. செல்லுபடியாகும் வாக்கு. பதவி இல்லாதவருக்கும் அது உண்டு என்பதைச் சென்னையில் எந்தத் தெருவிலும் சொல்வார்கள்.

அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் டால் 1957இல் தந்த வரையறை இதற்கு வெகு அருகில் வருகிறது: ஒருவர் தாமாகச் செய்திருக்காத ஒன்றை அவரைச் செய்ய வைக்க முடிந்தால், அந்த அளவுக்கு உங்களுக்கு அவர்மீது அதிகாரம் இருக்கிறது. முடிவெடுக்கும் கூட்டத்தில் யார் சொல் நின்றது என்று பார்த்தால் போதும் என்ற அந்தப் பார்வையை, 1962இல் பாக்ரக், பாரட்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மறித்தார்கள். சில பிரச்சினைகள் கூட்டத்துக்கே வராமல் தடுக்கப்படுகின்றனவே, அதை எங்கே எழுதுவது என்று கேட்டார்கள். பிரிட்டிஷ் சமூகக் கோட்பாட்டாளர் ஸ்டீவன் லூக்ஸ் 1974இல் இன்னும் ஒரு படி போனார். குறை என்று ஒன்று மனத்தில் எழாமலே செய்துவிடுவதுதான் அதிகாரத்தின் உச்சம் என்றார்.

அவர் எடுத்துக்காட்டும், அரசியல் அறிஞர் கிரென்சனின் ஆய்வு, ஆலைகள் நிறைந்த வடசென்னை மணலிப் பக்கம் போய் வந்த எவருக்கும் உறைக்கும். அமெரிக்காவின் இண்டியானாவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எஃகு நகரங்களில், கிழக்கு சிகாகோ 1949இலேயே காற்று மாசுக்குச் சட்டம் போட்டது. ஒரே பெரிய ஆலையை நம்பியிருந்த கேரி 1962 வரை போடவில்லை. ஆலை வாய் திறந்து எதிர்க்கக்கூட இல்லை. அதன் பெயரே போதுமானதாக இருந்தது.

முந்தைய இரண்டு பார்வைகளையும் தாண்டி லூக்ஸ் சேர்த்த இந்த 'மூன்றாம் பரிமாணத்தை'க் கையில் வைத்துக்கொண்டுதான் தென்சென்னையில் ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்புக்குக் கள ஆய்வுக்குப் போனேன். எனக்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பேச வந்த அக்கா வாசற்படியில் உட்கார்ந்தார். தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். "எல்லாம் நல்லாதாம்மா இருக்கு" என்றார். ஏழெட்டுக் குடங்கள் மாடிப்படி ஓரத்தில் காலியாகக் கிடந்தன. குறையே மனத்தில் எழவில்லை, லூக்ஸ் சொன்னதுதான் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். உள்ளூர ஒரு மகிழ்ச்சி வேறு.

என்னை அங்கே அழைத்துப்போனவர் அந்தப் பகுதியில் செல்வாக்குள்ள ஓர் அண்ணன் என்பதும், பேட்டி முடியும்வரை அவர் இரண்டடி தள்ளி நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் குறிப்பேட்டில் இல்லை. நெறியாளர்தான், "அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?" என்று கேட்டார். லூக்ஸின் கோட்பாட்டைப் பற்றி எழுப்பப்படும் பழைய கேள்வியும் இதுதான்: ஒருவருடைய உண்மையான நலன் எது என்று ஆய்வாளருக்கு எப்படித் தெரியும்? எளியவர்களின் எதிர்ப்பைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் ஸ்காட்டைப் படித்திருந்தும், வலியவர் முன்னிலையில் பேசுவது வேறு, முதுகுக்குப் பின்னால் பேசுவது வேறு என்று அவர் சொன்னது எனக்கு அந்த வாசலில் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த முறை தனியாகப் போனேன். நாற்காலி வேண்டாம் என்று படியிலேயே உட்கார்ந்தேன். மூன்று முறை மனு கொடுத்ததையும், மூன்றாவது முறைக்குப் பிறகு வீட்டுக்கு வந்து யார் என்ன சொன்னார்கள் என்பதையும் அக்கா வெங்காயம் உரித்தபடியே சொன்னார். குறை இல்லாமல் இல்லை. கணக்குப் போட்டுத்தான் வாயை மூடியிருக்கிறார். அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து மாற்றி எழுத நேர்ந்தது.

கிளம்பும்போது, "இது அண்ணன் கண்ணுல படுமா?" என்று கேட்டார். பெயர் வராது என்றேன். "பேர் எதுக்கும்மா? மாடி நம்பர் போட்டாலே தெரிஞ்சிடும்" என்றார். அவர் எதிரிலேயே குறிப்பேட்டைத் திறந்து மாடி எண்ணை அடித்தேன். அடித்தது சரியாக மறைந்திருக்கிறதா என்று வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.