விரலுக்குள் ஒரு அதிர்வு

வலையில் சிக்கிய சின்னப் பறவை ஒன்றை முதன்முதலாகக் கையில் வாங்கிய நாள் இன்னும் மறக்கவில்லை. பத்து கிராம்கூட இருக்காது. இதயத் துடிப்பை எண்ணவே முடியவில்லை, விரலுக்குள் ஒரே அதிர்வு. அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கியது. காலில் வளையம் மாட்டி, எடை பார்த்து, பறக்கவிட்டோம். நமக்கு அது ஆய்வு. அதற்கு, ஏதோ ஒன்றின் வாயில் மாட்டித் தப்பியது மாதிரிதான்.

பென்குயின்களின் துடுப்புச் சிறகில் அடையாளப் பட்டை மாட்டுவது பல வருஷப் பழக்கம். தெற்கு இந்தியப் பெருங்கடலில் இருக்கும் குரோசே தீவுகளில் 100 கிங் பென்குயின்களுக்குத் தோலுக்கடியில் மின்னணுச் சில்லு வைத்து, பாதிக்கு மட்டும் பட்டையும் மாட்டி, 10 வருஷம் பார்த்தார்கள். 2011இல் முடிவு வெளியானது. பட்டை மாட்டியவை 39 சதவீதம் குறைவாகக் குஞ்சு பொரித்தன. பிழைத்திருந்ததும் 16 சதவீதம் குறைவு. நீந்தும்போது ஒவ்வொரு வீச்சிலும் அந்தப் பட்டை தண்ணீரில் இழுபட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, பாவம். அப்படியென்றால் பட்டை மாட்டிய பறவைகளை வைத்துக் காலநிலை மாற்றம் பற்றிச் சொன்னதையெல்லாம் எப்படி நம்புவது?

ஆய்வுக்காக மானை விரட்டிப் பிடித்தால், விட்டு சில நாள் கழித்துக்கூட தசை சிதைந்து செத்துப்போகலாம். அதைப் பார்க்க அங்கே யாரும் இருப்பதில்லை.

பிடிக்காமலே, சாணத்திலிருந்தே டிஎன்ஏ எடுக்கலாம். உதிர்ந்த முடி போதும். தானியங்கி கேமரா இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் பிடித்தே ஆகவேண்டும் என்றால், ஆய்வாளர்களே, எத்தனை பிடித்தோம் என்று எழுதும் அதே பக்கத்தில் எத்தனை செத்தன, வலையில் எவ்வளவு நேரம் கிடந்தன என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.